வேலைச் செய்தியும் ஊர்ச் செய்தியும்



இன்றைய பிள்ளைகள் கைப்பேசியிலேயே வேலை தேடுகிறார்கள். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் அதிலேயே முடிந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கடல் தாண்டி வேலை தேடுவது நம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. நம் முன்னோர் அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், இன்றைய தேடலில் எது கூடியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பது விளங்கும்.

பிரெஞ்சுக்காரர் 1859-ல் சைகோனைப் பிடித்தார்கள். 1862-ல் கொச்சின்சீனாவின் ஒரு பகுதி அவர்கள் கைக்கு வந்தது. அங்கே நிர்வாகம் நடத்த, பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்தார்கள். 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது. தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுப்பவர்கள், குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டார்கள். அவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். அவர்களில் பலர் சைகோனுக்குக் கப்பலேறி, எழுத்தர்களாகவும் வரி வசூல், காவல், சிறைத் துறைகளிலும் வேலை பார்த்தார்கள்.

அங்கே வேலை இருப்பது இங்கே எப்படித் தெரிந்தது? அரசு ஆணைகளும் நியமனங்களும் 'ழுர்னால் ஒஃபிசியேல்' என்ற அரசிதழில் வரும். அது பிரெஞ்சில் இருக்கும். படித்தவர் வீட்டுக்கு மட்டுமே அது செய்தி. மற்றவர்களுக்குச் செய்தி என்றால் கடிதம்தான். முதலில் போன மாமனோ சித்தப்பாவோ எழுதுவார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் திண்ணையில் பேச நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கடிதத்தில் சம்பளம் ஒரு வரிதான் இருக்குமாம். வாடகை என்ன, எந்த அரிசி கிடைக்கும், எந்தத் துரை முன்கோபி, வந்து இறங்கினால் முதலில் யார் வீட்டுக்குப் போவது என்பதுதான் மீதிப் பக்கம் முழுக்க. சைகோனில் செட்டியார்களும் தமிழ் முஸ்லிம்களும் ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. போகிறவன் வேலைக்கு மட்டும் போகவில்லை. ஏற்கெனவே அறிந்த ஒரு கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தான்.

இந்த முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. அங்கே மாமன் இல்லாதவனுக்குக் கடிதம் வராது. படிப்பு இருந்தாலும் ஆள் இல்லையென்றால் அவன் இங்கேயே நிற்க வேண்டியதுதான்.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-லேயே இயற்றப்பட்டிருந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்து பிரவே தேறியவன். வேலை தேடிய காலத்தில் அலுவலகங்களில் ஆங்கிலம் வந்துவிட்டது. ஆங்கிலத் தட்டச்சு கற்றுக்கொண்டு, பெயரைப் பதிந்து, அட்டையைத் தவறாமல் புதுப்பித்துக் காத்திருந்தேன். எனக்குச் சிபாரிசு செய்ய மாமன் யாரும் இல்லை. வரிசை எண் இருந்தது. அந்த எண்தான் எனக்குச் சோறு போட்டது.

1996-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிற்காமல், செய்தித்தாள் போன்றவற்றிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. 2015 ஜூலையில் மத்திய அரசு தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தைத் தொடங்கியது. வேலை தேடுவோர் அதில் இலவசமாகப் பதியலாம். ஆக, வேலைச் செய்தி இன்று எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. மாமன் இல்லாதவனுக்கும் வருகிறது. இது சாதாரண முன்னேற்றம் இல்லை.

ஆனால் அந்தக் கடிதத்தின் மீதிப் பக்கம் காணாமல் போய்விட்டது. அதன் விலை என்ன என்பதை 2022-ல் பார்த்தோம். தாய்லாந்தில் கணினி சார்ந்த விற்பனை வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வந்தது. நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, அடைத்துவைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். செப்டம்பர் 24-ல் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்ட தமிழ்நாட்டுக்காரர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். நம் முன்னோர் போன அதே கீழ்த்திசைதான். அவர்களிடம் உறவினர் எழுதிய கடிதம் இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் விளம்பரம் மட்டும்தான் இருந்தது.

அந்த மீதிப் பக்கத்தையும் இதே கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம். பல நாடுகளில் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களைத் தொடர்புகொண்டு, அந்த நிறுவனத்தை யாருக்காவது தெரியுமா என்று கேட்கலாம். இந்தியத் தூதரகத்தின் தளத்தில் எச்சரிக்கைகள் வருகின்றன. அனுப்பிவைக்கும் முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வா, வேலை விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பெங்களூரு, சென்னை என்றாலும் இதே விசாரிப்பு வேண்டும். அங்கே வேலை பார்த்து விலகியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால், சம்பளம் தேதிக்கு வருகிறதா, இரவில் வீடு திரும்ப வண்டி கிடைக்குமா, பக்கத்தில் எப்படிப்பட்ட மனிதர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நம் வயதுக்காரர்களுக்குக் கணினி நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஊர் விசாரிக்கத் தெரியும். கதிர்காமத்தில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால் ஒரு வாரத்தில் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறதே! பேரப்பிள்ளை வேலை உத்தரவைக் கொண்டுவந்து காட்டினால் சம்பளத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுங்கள். அதோடு, "அங்கே நம்ம ஆள் யார் இருக்கா? அவரோட பேசினியா?" என்றும் கேளுங்கள். பேசவில்லை என்றால், பேசிய பிறகு பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.