இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய்

இரண்டாம் இராஜராஜன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயத்தால் பிரசித்தி பெற்ற தாராசுரத்திலே, சௌராஷ்டிர நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து, ஒரு கையால் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்து, மறு கையால் பலகையை அடித்து, கால்களால் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்திப் பட்டு நெய்வதைக் காண்போர்க்கு, ஒரு கருவி சரீரத்தின் அங்கங்களுக்குச் சிரமத்தைப் பங்கிட்டுத் தரும் நியாயம் விளங்கும். தட்டச்சுப் பொறியோ அந்த நியாயத்தை அறியாதது. ஷோல்ஸ் என்னும் அமெரிக்கர் அமைத்து, ரெமிங்டன் கம்பெனியார் 1874-இல் விற்பனைக்குக் கொணர்ந்த அப்பொறியில், விசைகளுக்குக் கீழுள்ள நெம்புகோல்களுக்கு இடம் வேண்டியே வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. அந்த இரும்பின் சௌகரியத்துக்கு மனிதனுடைய மணிக்கட்டு வளைந்து கொடுத்தது.

தமிழுக்கு அப்பொறியைக் கொண்டுவந்தவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த இரா. முத்தையா. 247 எழுத்துக்களைச் சில விசைகளுக்குள் அடக்குவதென்பது சாமானிய காரியமன்று. அவர் கண்ட உபாயம் நகரா விசை: அதை அழுத்தினால் தாள் நகராது, ஆகவே புள்ளியை முன்னர் அடித்து, மெய்யைப் பின்னர் அதன் கீழ் அடிக்க வேண்டும். 'கொ' என்பதற்கு மூன்று விசைகள். கும்பகோணத்துத் தட்டச்சுப் பயிலகங்களில் 'லோயர்', 'ஹயர்' என்னும் பரீட்சைகளுக்குப் பயின்று தேறியவர்களின் விரல்களில் இந்த முறை ஊறிப்போயிற்று. அரசாங்கப் பரீட்சையும் நெடுங்காலம் பொறியிலேயே நடந்தமையால், கணினி வந்த பின்னரும் பலர் அதைக் கைவிடவில்லை. அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை.

1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் பாரத்தைச் சற்றே குறைத்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகையோ மொழியின் இயல்பையே ஆதாரமாகக் கொண்டது. பன்னிரண்டு உயிர்களும் இடக்கைக்கு. மெய்களில் வகரமும் ஙகரமும் நீங்கலாக மற்றவை வலக்கைக்கு. 'கொ'வுக்குக் ககரமும் ஒகரமும் போதும். 'அம்மா' என அடிக்க மகரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். கைகள் மாறி மாறி உழைப்பதனால், சம்பாஷணையில் இருவர் பேசுவதுபோல ஒன்று ஓயும்போது மற்றது தொடரும்.

இரு கைகளுக்கும் தனித்தனியே அமையுமாறு விசைப்பலகையை இரண்டாகப் பிளக்கும் யோசனையும் பழையதே. ஜெர்மனியில் குளோக்கன்பர்க் என்பவர் 1926-இலேயே அதை முன்மொழிந்தார். 1970-களில் இங்கிலாந்தில் லிலியன் மால்ட்டும் ஸ்டீவன் ஹாப்டேயும் மால்ட்ரான் என்னும் பிளவு விசைப்பலகையைச் செய்தனர். 1994-இல் மைக்ரோசாப்ட் அவ்வடிவத்தைச் சாமானியர் மேஜைக்குக் கொணர்ந்தது. ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில் உடைய இந்நாளைய பிளவுப் பலகைகளோ, தோளின் அகலத்துக்கு விலக்கி வைத்துக்கொள்ளத் தக்க இரு தனித் துண்டுகளாகவே வருகின்றன.

ஆங்கிலத்துக்கு இப்பிளவு வெறும் சரீர சௌகரியம். தமிழ் 99-க்கோ பலகை பிளக்கும் கோடும் எழுத்து பிரியும் கோடும் கிட்டத்தட்ட ஒன்றே. எனினும் இடர் ஒன்றுண்டு. ஆங்கிலத்தையே கருத்திற்கொண்டு சுருக்கப்பட்ட சிறு பலகைகளில் வலப்புறக் கடைசி விசைகள் இரா. நமக்கோ சகரமும் ஞகரமும் அங்கேதான் உள்ளன. விசைகளை நம் இஷ்டப்படி மாற்றியமைக்க அப்பலகைகள் பெரும்பாலும் இடங்கொடுப்பதால், அவ்விரண்டையும் கட்டைவிரலுக்கு அருகே குடியேற்றிக்கொள்வது உத்தமம். இயலாதெனில், சற்றுப் பெரிய பலகையாகப் பார்த்து வாங்குவதே விவேகம்.