அணு உலை விபத்துகளும் கதிரியக்கப் பரவல் அச்சமும்

கதிரியக்கப் பரவல் அச்சம் என்பது, அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபின் காற்றிலும் மழையிலும் கலந்த கதிரியக்கப் பொருள்கள் உணவு, குடிநீர் வழியாகத் தங்களை வந்தடையும் என்று மக்களிடையே எழும் அச்சம். இதை வெறும் பீதி என்று ஒதுக்கிவிட முடியாது. உலையிலிருந்து வெளியேறும் அயோடின்-131 புல்லில் படிகிறது. அதை மேயும் பசுவின் பாலில் ஓரிரு நாளில் தோன்றுகிறது. பாலைக் குடிக்கும் குழந்தையின் தைராய்டு சுரப்பியில் சேர்கிறது. அதன் அரை ஆயுள் 8 நாள். சீசியம்-137இன் அரை ஆயுளோ சுமார் 30 ஆண்டு. நிறமும் மணமும் சுவையும் இல்லாத இவற்றைக் கருவி இல்லாமல் அறிய வழியில்லை. ஆகவே கருவி இல்லாதவர் கருவி வைத்திருப்பவரின் சொல்லை நம்பியாக வேண்டும். அந்தச் சொல் எப்போது வந்தது, யார் சொன்னார் என்பதற்கு, காற்று எந்தத் திசையில் வீசியது என்பதற்கு இணையான இடம் இந்த வரலாற்றில் உண்டு.

தொடக்கம்

அணுமின் நிலையங்கள் பெருகுவதற்கு முன்பே இந்த அச்சம் தோன்றிவிட்டது. 1954 மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றின்மேல் பொழிந்தது. அதன்பின் ஜப்பானியர் சூரை மீன் வாங்கவே தயங்கினர். 1957 செப்டம்பரில் சோவியத் யூனியனின் மாயக் வளாகத்தில் அணுக்கழிவுத் தொட்டி வெடித்ததைச் சோவியத் அரசு 1989 வரை ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த உலை தீப்பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பால் சில வாரங்களுக்குக் கீழே கொட்டப்பட்டது. விசாரணை அறிக்கையை முழுமையாக வெளியிடப் பிரதமர் மேக்மில்லன் இசையவில்லை. 1988இல்தான் அது மக்கள் கைக்கு வந்தது.

திரீ மைல் ஐலண்ட்

1979 மார்ச் 28 விடிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் 2ஆம் உலையில் எரிபொருள் பகுதியளவு உருகியது. அணுமின் நிலைய விபத்தைக் கதையாகக் கொண்ட ‘தி சைனா சிண்ட்ரோம்’ திரைப்படம் வெளியாகி அப்போது 12 நாளே ஆகியிருந்தது. மார்ச் 30 அன்று ஆளுநர் தார்ன்பர்க், 5 மைல் தொலைவுக்குள் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அறிவித்தார். வெளியேறியவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். உலைக்கலத்தில் சேர்ந்த ஹைட்ரஜன் குமிழி வெடிக்கும் என்ற அச்சம் அந்த வாரயிறுதி முழுவதும் நிலவியது. வெடிப்பதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதில் இல்லை என்பது பிறகே தெளிவாயிற்று. ஏப்ரல் 1 அன்று அதிபர் கார்ட்டர் மனைவியுடன் நிலையத்துக்குள் சென்று வந்தார். மக்கள் மனத்தில் ஏற்பட்ட நெருக்கடியே முதன்மையான உடல்நலப் பாதிப்பு என்று அவர் அமைத்த கெமனி ஆணையம் கூறியது. புற்றுநோய் கூடியதா என்பதில் பின்வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

செர்னோபில்

இந்த அச்சத்தைப் பற்றி மிகுதியான பதிவுகள் இருப்பது செர்னோபில் விபத்தை ஒட்டித்தான். 1986 ஏப்ரல் 26 பின்னிரவு 1.23 மணிக்கு, அன்றைய சோவியத் உக்ரைனில் இருந்த அந்த நிலையத்தின் 4ஆம் உலை வெடித்தது. பக்கத்து நகரமான பிரிப்யத்தில் வாழ்ந்த 49,000 பேர் மறுநாள் பிற்பகல்தான் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் அடையாள ஆவணங்களையும் கொஞ்சம் உணவையும் மட்டும் எடுத்துச் சென்றவர்களே மிகுதி.

வெளியுலகுக்குச் செய்தியைச் சொன்னது சோவியத் அரசு அல்ல. ஏப்ரல் 28 காலை ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணியில் ஒட்டியிருந்த கதிரியக்கம் எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கவைத்தது. தங்கள் உலையில்தான் கசிவு என்று எண்ணி அவர்கள் தேடினார்கள். கசிவு அங்கே இல்லை. காற்று வந்த திசையைக் கணக்கிட்டபின் விரல் தென்கிழக்கே நீண்டது. அன்றிரவு மாஸ்கோ தொலைக்காட்சி சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏறக்குறைய மூன்று நாள் கழிந்திருந்தது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது. 2,000 பேர் மாண்டதாக ஒரு செய்தி நிறுவனம் அனுப்பிய தகவல் மேற்கத்திய நாளேடுகளில் பரவலாக வெளிவந்தது. உண்மையில் வெடிப்பன்று இருவரும், கடுங்கதிர்வீச்சு நோயால் அடுத்த சில மாதங்களில் 28 பேரும் இறந்தனர்.

நிலையத்துக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருந்த கீவ் நகரில் மே தின ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. காற்று நகரை நோக்கித் திரும்பி ஒரு நாள் ஆகியிருந்த நேரம் அது. மே 6 அன்று பன்னாட்டு மிதிவண்டிப் பந்தயமும் அங்கேதான் தொடங்கியது. சன்னல்களைச் சாத்தி வையுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள் என்று உக்ரைன் குடியரசின் சுகாதார அமைச்சர் சொன்னது அதே வாரத்தில்தான். தண்ணீர் லாரிகள் பகலிரவாகச் சாலைகளைக் கழுவின. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக்குக் கூட்டம் முண்டியது. தாங்கள் போக முடியாதவர்கள் குழந்தைகளையாவது ஊர்ப்பக்கம் அனுப்பிவிடத் துடித்தார்கள். கதிரியக்க அயோடினைத் தடுக்கும் என்று நம்பி, காயத்துக்குப் போடும் அயோடின் டிங்சரைக் குடித்துத் தொண்டை வெந்தவர்களும் உண்டு. சிவப்பு ஒயின் கதிரியக்கத்தைப் போக்கும் என்ற நம்பிக்கையும் பரவியது. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பேசியது மே 14 அன்று.

போலந்து வேறு வழியில் சென்றது. மாஸ்கோவிலிருந்து தகவல் இல்லாத நிலையிலும், தங்கள் அளவீட்டு நிலையம் காட்டிய எண்களை வைத்தே அங்குள்ள அறிவியலாளர்கள் முடிவெடுத்தனர். ஏப்ரல் 29 மாலை முதல், கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்க, லுகால் கரைசல் எனப்படும் அயோடின் நீர்மம் வழங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் உட்பட ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் அதைக் குடித்தனர். பள்ளியில் வரிசையில் நின்று வாய் கசக்க விழுங்கிய அந்தப் பழுப்பு நீர், அன்றைய போலந்துக் குழந்தைகளின் தலைமுறை நினைவாகவே ஆகிவிட்டது.

மேற்கு ஐரோப்பாவில் அச்சத்தை வளர்த்ததில் எண்களின் முரண்பாட்டுக்குப் பெரும் பங்கு இருந்தது. மேற்கு ஜெர்மனியில் ஒரு லிட்டர் பாலில் 500 பெக்கெரல் (கதிரியக்க அலகு) அயோடின் வரை இருக்கலாம் என்று கூட்டாட்சி அரசின் வல்லுநர் குழு கூற, ஹெஸ்ஸே மாநிலம் 20 என்று வரம்பிட்டது. ஒரே நாட்டில் ஒரு மாநிலத்தில் குடிக்கத் தக்க பால் எல்லைக்கு அப்பால் நஞ்சாகும் நிலை. பெற்றோர் பால்மாவு வாங்கி அடுக்கினார்கள். விளையாட்டுத் திடல்களின் மணற்குழிகளில் பிள்ளைகளை விட மறுத்தார்கள். இத்தாலி இலைக் காய்கறி விற்பனைக்குச் சில நாள் தடை விதித்தது. பிரான்சில் ஏப்ரல் 30 இரவு வானிலை அறிவிப்பில், நாட்டின் எல்லையில் ‘நில்’ என்னும் போக்குவரத்துப் பலகை வரையப்பட்ட வரைபடம் காட்டப்பட்டது. கதிரியக்க மேகம் எல்லையில் நின்றுவிட்டதாக அரசின் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறைத் தலைவர் பேராசிரியர் பியேர் பெல்லெரான் சொன்னதாகப் பின்னாளில் பேச்சு நிலைபெற்றது. அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அவர். அவதூறு வழக்கில் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே வழக்கில் 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கருத்துரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. துருக்கியில் தொழில் வணிக அமைச்சர் ஜாகித் அரால், கருங்கடல் கரைத் தேயிலையில் தீங்கில்லை என்று காட்டச் செய்தியாளர் முன்னிலையில் தேநீர் பருகினார். அந்தத் தேயிலையில் ஒரு பகுதி பின்னர் புதைக்கப்பட்டது.

கருவுற்ற பெண்களிடம் இந்த அச்சம் மீளாத விளைவை உண்டாக்கியது. செர்னோபிலிலிருந்து வெகுதொலைவில், பெற்ற கதிர்வீச்சு மிகச் சிறிதாக இருந்த கிரீசில், அச்சத்தால் சுமார் 2,500 கருக்கள் கலைக்கப்பட்டிருக்கலாம் என்று 1987இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பா முழுவதற்கும் ஒரு லட்சத்துக்கு மேல் என்று சொல்லப்படும் எண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் அடிப்படை உறுதியானதல்ல. ஸ்வீடனில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

பிரிட்டனின் மலைப்பண்ணை ஆடுகளின் கதை சற்று விரிவாகக் கூறத் தக்கது. 1986 மே தொடக்கத்தில் பெய்த கனமழையோடு சீசியம் வேல்ஸ், கம்பிரியா மலைச்சரிவுகளில் இறங்கியது. ஜூனில் ஆடு விற்பனைக்குத் தடை வந்தபோது, மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். களிமண் நிலத்தில் சீசியம் இறுகிவிடுவதைக் கொண்டு போட்ட கணக்கு அது. மலை நிலமோ அமிலத்தன்மை கொண்ட கரிமண். அங்கே சீசியம் இறுகாமல், புல்லுக்கும் ஆட்டுக்கும் மறுபடி மண்ணுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அளவுமானியை அதன் பின்புறத்தில் அழுத்தி எண்ணைப் படிப்பார். கிலோவுக்கு 1,000 பெக்கெரலைத் தாண்டினால் முதுகில் சாயம் பூசப்படும், அந்த ஆடு அறுப்புக்குப் போகாது. மண்ணில் சீசியத்தைப் பிடித்துவைக்கும் பெண்டோனைட் களிமண்ணைத் தூவிப் பார்க்க ஆடுகளைச் சிறு அடைப்புகளில் கட்டிவைத்த ஆய்வாளர்களிடம், மலையில் மேய்ந்தவை அடைப்பில் மெலிந்துவிடும் என்று மேய்ப்பர்கள் சொன்னார்கள்; அப்படியே நடந்தது, சோதனை கைவிடப்பட்டது. இது செர்னோபில் சீசியம் மட்டும்தானா, 1957இல் விண்ட்ஸ்கேலிலிருந்து வந்ததும் இதில் உண்டா என்று கம்பிரியா விவசாயிகள் கேட்டனர். சமூகவியலாளர் பிரையன் வின் அவர்களிடம் நடத்திய ஆய்வு, பொதுமக்களின் ஐயம் அறியாமையிலிருந்தே பிறக்கிறது என்ற கருத்தை அசைத்தது. கடைசிப் பண்ணைகளின்மீதான கட்டுப்பாடு நீங்கியது 2012 ஜூனில்.

நார்வே, ஸ்வீடன் நாடுகளில் கலைமான் வளர்த்து வாழும் சாமி மக்களுக்குக் கலைமான் இறைச்சி விலக்கப்பட்டது அவர்கள் வாழ்முறையையே உலுக்கியது. இந்தியாவுக்கும் இந்த அச்சம் உணவு வழியே வந்தது. அயர்லாந்திலிருந்து பம்பாய்க்கு இறக்குமதியான வெண்ணெயில் செர்னோபில் கதிரியக்கம் இருப்பதாகத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் வல்லுநர் குழுவின் கருத்தைக் கேட்டு, அது உண்ணத் தக்கதே என்று 1988இல் தீர்ப்பளித்தது.

விபத்தின் மொத்த உயிரிழப்பு இன்றும் தீராத வழக்கு. கதிர்வீச்சு மிகுதியாகப் பட்டவர்களிடையே 4,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று ஐ.நா. அமைப்புகள் இணைந்த செர்னோபில் மன்றம் 2005இல் கூறியது. பசுமை அமைப்புகளின் மதிப்பீடுகள் இதைப் பன்மடங்கு தாண்டுகின்றன. குழந்தைப் பருவத்தில் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்தவர்களிடம் தைராய்டு புற்றுநோய் பெருகியது பற்றி மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. 2005 வரை 6,000க்கும் மேற்பட்டோருக்கு அது கண்டறியப்பட்டது. இவற்றில் கணிசமானவை விபத்தின் விளைவு. மக்களின் நோய்களுக்குக் கதிர்வீச்சு பற்றிய மிகையச்சமே காரணம் என்று சோவியத் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த ஆண்டுகளில்தான் இந்தக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள்.

புகுஷிமாவும் கூடங்குளமும்

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபின் ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் மூன்று உலைகள் உருகின. கதிரியக்கம் பரவும் திசையைக் கணிக்கும் அரசுக் கணினி அமைப்பின் முடிவுகள் உடனே வெளியிடப்படவில்லை. நமியே ஊர்மக்கள் பாதுகாப்பென்று நம்பித் தஞ்சம் புகுந்த சுஷிமா பகுதி, கதிரியக்கக் காற்று சென்ற திசையிலேயே இருந்தது. மார்ச் 23 அன்று தோக்கியோவின் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 210 பெக்கெரல் அயோடின் காணப்பட்டது; கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. கடைகளில் தண்ணீர்ப் புட்டிகள் காலியாயின. சீனாவில் அயோடின் கலந்த உப்புக்கு அடிதடி நடந்தது. ஓர் அயோடின் மாத்திரைக்கு ஈடாக உப்பைக் கிலோக்கணக்கில் தின்ன வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் விளக்க வேண்டிவந்தது. பிலிப்பைன்சில், கழுத்தில் பீட்டாடைன் தடவிக்கொள்ளச் சொன்ன பொய்க் குறுஞ்செய்தி பரவி வகுப்புகள் நிறுத்தப்பட்டன.

அவசர வெளியேற்றத்திலேயே நோயாளிகளும் முதியோரும் பலர் இறந்தனர். புகுஷிமா மாவட்டத்தில் ‘பேரிடர் சார்ந்த மரணம்’ என ஏற்கப்பட்டவை 2,000ஐத் தாண்டும்; கதிர்வீச்சால் நேர்ந்ததாக அரசு முதலில் ஏற்றது ஓர் ஊழியரின் மரணத்தை. குழந்தைகளிடம் நடத்திய தைராய்டு பரிசோதனையில் கண்ட புற்றுநோய்கள் விபத்தால் வந்தவையா, நுணுகித் தேடியதால் அகப்பட்டவையா என்பது விவாதத்தில் உள்ளது, ஐ.நா.வின் அறிவியல் குழு பின்னதையே ஏற்கிறது. 2012 முதல் சில ஆண்டுகள் அந்த மாவட்டத்தில் விளைந்த அரிசி, 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றாக, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை என அளக்கப்பட்டது. அளந்து முத்திரையிட்ட பின்னும் அந்த ஊர் அரிசியின் விலை நெடுங்காலம் மீளவில்லை.

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1988 நவம்பரில், செர்னோபில் நடந்து இரண்டரை ஆண்டுக்குப் பின். எதிர்ப்பு அப்போதே இருந்தது, பெருகியது 2011இல். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த கடற்கரை மக்கள் புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நிலையத்துக்கு மிக அருகிலேயே சுனாமி குடியிருப்பு இருந்தது. இடிந்தகரையில் லூர்து மாதா கோவில் முன்பந்தலில் உண்ணாவிரதம் தொடங்கியது. விபத்து நடந்தால் எந்த வழியாக ஓடுவது, சுடுநீர் கலந்தால் மீன்பாடு என்னவாகும் என்ற கேள்விகளோடு மீனவப் பெண்கள் அங்கே மாதக்கணக்கில் அமர்ந்தார்கள். மத்திய அரசின் வல்லுநர் குழுவும், நவம்பரில் நேரில் வந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் நிலையம் பாதுகாப்பானது என்றனர். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் காவல்துறை தடியடி நடத்தியது. மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது.

அண்மைக் காலம்

2022 மார்ச்சில் உக்ரைனின் ஸாபோரிஸியா நிலையம் போரில் சிக்கியபின் ஐரோப்பிய மருந்தகங்களில் அயோடின் மாத்திரைகளுக்குத் தேவை கூடியது. 2023 ஆகஸ்ட் 24 அன்று புகுஷிமாவின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும் சீனா ஜப்பானியக் கடலுணவைத் தடை செய்தது. தென்கொரியாவில் அதற்கு முன்பே மக்கள் உப்பு வாங்கிச் சேர்த்தனர். அன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் சோல் மீன்சந்தைக்குச் சென்று மீன்தொட்டியின் நீரை அள்ளிக் குடித்துக் காட்டினர்.