கை நீட்டி வாங்கிய பணம்

வேலையை விடப் போகிறேன் என்று ஒருவன் சொல்கிறான். மேலே இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். சம்பளம் உயர்கிறது, இருந்துவிடுகிறான். இரண்டு மூன்று மாதம் கழித்து வேறிடம் போய்விடுகிறான். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் இது சாதாரண சங்கதி. இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. ஆச்சரியம் எல்லாம், போனவனைப் பற்றிப் பேசுகிறவர்களின் பாஷையில்தான். 'கை நீட்டி வாங்கிவிட்டுப் போய்விட்டான்' என்கிறார்கள். உப்பு, நன்றி, துரோகம் எல்லாம் வந்துவிடுகின்றன. அதே ஸ்தாபனம் சம்பளம் உயர்த்திய மூன்றாம் மாதத்தில் ஆட்களை வெளியேற்றினால், அதற்கு மறுசீரமைப்பு என்று ஒரு சுத்தமான வார்த்தை தயாராக இருக்கிறது. அதில் உப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை.

இந்த இரண்டு பாஷைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு பகுதியைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். அதே சாலையில் கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பி உப்பங்கழியைத் தாண்டினால் கோவளம்.

இன்று கோவளத்தைத் தர்காவுக்காகவும், மாதா கோயிலுக்காகவும், அலைச்சறுக்குக்காகவும் அறிகிறார்கள். கடலோர நட்சத்திர ஹோட்டல் நிற்கும் இடம் ஒரு பழைய கோட்டை. டச்சுக் கோட்டை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. டச்சுக்காரர்களின் கோட்டை தெற்கே சதுரங்கப்பட்டினத்தில். கோவளத்துக் கோட்டை ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கட்டியது. சாதத் பந்தர் என்று அதற்குப் பெயர். ஆனால் நமக்கு வேண்டிய கதை நவாப்புக்கும் முன்னால் தொடங்குகிறது.

1722 டிசம்பரில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் ஒரு கீழ்த்திசைக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்தின் பெயரால் அது ஆஸ்டெண்ட் கம்பெனி எனப்பட்டது. சாசனத்துக்குச் சில வருஷங்கள் முன்பே அந்தத் துறைமுகத்தின் வியாபாரிகள் கோவளத்தில் ஒரு பண்டகசாலை வைத்துவிட்டார்கள். மூலதனம் ஆஸ்திரிய நெதர்லாந்திலிருந்து கிடைத்தது, கொடி சக்கரவர்த்தியுடையது. தொழில் தெரிந்த ஆட்கள்? அவர்கள் வேறெங்கோ தொழில் கற்றவர்கள். ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் எனப் பலர் இதில் சேர்ந்தார்கள். கீழ்த்திசை வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளை ஒரு கொடியின் கீழ் கற்று, அந்த அறிவை இன்னொரு கொடியின் கீழ் விற்றவர்கள். லண்டன் பார்லிமெண்டு இதைத் தடுக்க 1718, 1721, 1723 என்று மூன்று முறை சட்டம் போட்டது. பிரிட்டிஷ் பிரஜை அந்நியக் கொடியின் கீழ் இந்தியாவுக்கு வந்து வியாபாரம் செய்வது குற்றம். ஐந்து வருஷத்தில் ஒரே விஷயத்துக்கு மூன்று சட்டம் வேண்டியிருந்தது என்றால், முதல் இரண்டும் எவ்வளவு தூரம் செல்லுபடியாயின என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1727-ல் ஐரோப்பிய ராஜதந்திரத்தின் பேரத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனியின் சாசனம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731 வியன்னா உடன்படிக்கையோடு அதன் கதை முடிந்தது. ஆட்கள் முடியவில்லை. ஆஸ்டெண்டில் வேலை பார்த்த காலின் காம்ப்பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஸ்வீடனுக்குப் போய், 1731-ல் தொடங்கிய ஸ்வீடிஷ் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரானார். அந்தக் கம்பெனியின் கப்பலொன்று 1733-ல் பரங்கிப்பேட்டையில் சரக்கு வாங்க வந்தபோது, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றுசேர்ந்து அதன் பண்டகசாலையைத் தாக்கினார்கள். எஜமானர்கள் தங்களுக்குள் எத்தனை சண்டை போட்டாலும், ஆள் போவது என்ற விஷயத்தில் ஒற்றுமைப்பட்டுவிடுகிறார்கள்.

இவர்களில் யாரையும் சரித்திரம் துரோகி என்று சொல்வதில்லை. துணிச்சல்காரர்கள் என்கிறது. சம்பளக்காரன் பெரிய மனிதனாக இருந்தால் வேலையை விடுவது ஒரு குணச்சித்திரம்.

கோவளம் சரித்திரப் பாடப் புத்தகத்துக்குள் வருவது 1752 செப்டம்பரில். அதற்கு இரண்டு வருஷம் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையை ஒரு தந்திரத்தால் பிடித்திருந்தார்கள். கப்பலில் எல்லோரும் நோயில் சாகிறார்கள், கரையேற இடம் கொடுங்கள் என்று கெஞ்சி, நோயாளிகளாக உள்ளே போனவர்கள் இரவில் ஆயுதத்தோடு எழுந்தார்கள். அதை மீட்க ராபர்ட் கிளைவ் அனுப்பப்பட்டார். புதிதாகத் திரட்டிய ஐந்நூறு சிப்பாய்களும், லண்டனின் தெருக்களில் பிடித்துக் கப்பலேற்றப்பட்ட இருநூறு வெள்ளைக்காரர்களும் அவர் படை. முதல் வெடிச் சத்தத்தில் படை சிதறி ஓடியது. ஒருவன் கிணற்றுக்குள் ஒளிந்திருந்து மறுநாள் கண்டெடுக்கப்பட்டான். கோட்டை விழுந்தது. பிறகு செங்கல்பட்டும் விழுந்தது. கோவளத்துக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இதற்கு ஐந்து மாதம் கழித்து, 1753 பிப்ரவரியில், கிளைவ் சென்னையில் கல்யாணம் செய்துகொண்டார். மார்ச்சில் வேலையை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காரணம் உடல்நலம். அது பொய்யல்ல, மனிதருக்கு நிஜமாகவே நோய் இருந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களுடன் யுத்தம் முடியவில்லை என்பதும் நிஜம். 1744-ல் வருஷத்துக்கு ஐந்து பவுன் சம்பளத்தில் எழுத்தராக வந்தவர் அவர். 1751-ல் ஆற்காட்டுக்குப் போகும்போது, காப்டன் பதவி தந்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்று தாமே சொன்னவர். சம்பளம் வேண்டாமென்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், படைகளுக்குச் சாமான் வாங்கித் தரும் உத்தியோகத்தில் அதற்குள் அவர் கை நிறையச் சேர்த்திருந்தார். வேலையை விட்டு வந்தவருக்கு லண்டன் டைரக்டர்கள் ஐந்நூறு பவுன் மதிப்புள்ள வாள் பரிசளிக்க முன்வந்தார்கள். தம் மேலதிகாரி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸுக்கும் ஒன்று தந்தால்தான் வாங்குவேன் என்றார் கிளைவ். அந்த லாரன்ஸே 1750-ல் ஊதியத் தகராறில் வேலையை உதறிவிட்டு ஊருக்குப் போய், 1752-ல் திரும்பி வந்தவர்தான். கிளைவ் திரும்பி வந்தது லெப்டினண்ட் கர்னலாக. போவதும், உயர்ந்து திரும்புவதும் இவர்களுக்கு ஒரு படிக்கட்டு. ஆனால் கிணற்றுக்குள் ஒளிந்தவன் நிரந்தரமாக ஓடியிருந்தால் அவன் பெயர் வேறு. படையில் சேரும்போது பணம் வாங்கியவன் ஓடினால் சுட்டுக் கொல்ல விதி இருந்தது.

இந்தக் கம்பெனிகளெல்லாம் எதற்காக இந்தக் கரையில் மொய்த்தன? துணிக்காக. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையின் தறிகளுக்காக. என் பார்வையில் விஷயத்தின் மையம் இங்கேதான். கிளைவ் அல்ல, நெசவாளி.

பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தென்னிந்திய நெசவாளி வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் தறியில் உட்கார்ந்தான். நூல் வாங்க, சாப்பிட, அந்தப் பணம். நாம் உடனே 'கடனாளி, அடிமை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிரசன்னன் பார்த்தசாரதி கம்பெனி ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டும் படம் வேறு. முன்பணம் வாங்கிய நெசவாளி, வேறொரு வியாபாரி அதிக விலை தந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம். துணி கை மாறும் வரை அது அவனுடையது. வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது: அவன் ஒப்பந்தத்தை முறித்தால் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. சந்தையில் துணிக்குக் கிராக்கி ஏறும்போது முன்பணமும் ஏறும். அதை வாங்கிக்கொண்டவன் மறுமாதமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவனிடம் போவான். ஆங்கிலேயர், டச்சு, பிரெஞ்சு, டேனிஷ், பத்துப் பன்னிரண்டு வருஷம் கோவளத்து ஆஸ்டெண்ட் என்று வாங்குபவர்கள் பெருகப் பெருக இந்த வழக்கத்துக்கு வலு ஏறியது. இதை யாரும் நன்றிகெட்ட செயல் என்று சொல்லவில்லை. வழக்கம் என்றார்கள்.

ஊரை விட்டே போவதும் இதன் ஒரு பகுதி. வரி தாளாமல் குடிபெயர்ந்தவர்களை வரியைக் குறைத்துத் திரும்ப அழைப்பது விஜயநகரக் கல்வெட்டுகளில் உண்டு. காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருந்த சங்கும் தண்டிகையும் மற்ற ஊர்க் கைக்கோளருக்கும் தரப்பட்டதை 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சம்பள உயர்வுதான், காசுக்குப் பதிலாக மரியாதை. 1734-ல் ஆங்கிலக் கம்பெனியே சலுகை காட்டி நெசவாளர்களை இழுத்துவந்து சிந்தாதிரிப்பேட்டையைக் குடியேற்றியது. அப்போது ஆள் இழுப்பது அதற்குப் பாவமாகத் தோன்றவில்லை.

1763-ல் செங்கல்பட்டுச் சீமை நவாப்பிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. கோவளமும் அதில் சேர்த்தி. போட்டியிட்ட கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கின. வாங்குபவனே ஆளுபவன் ஆனதும் முன்பணத்தின் அர்த்தம் மாறியது. வியாபாரிகளை விலக்கிவிட்டு குமாஸ்தாக்களும் சேவகர்களும் நேரே தறிக்கு வந்தார்கள். கம்பெனியிடம் பணம் வாங்கியவன் மற்றவனுக்கு நெய்யக் கூடாது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் உரிமை முதலில் மறுக்கப்பட்டது. பிறகு அப்படி ஓர் உரிமை இருந்ததே மறக்கப்பட்டது. இந்த இரண்டாவது காரியம்தான் முழு வெற்றி.

1859-ன் 13-வது சட்டம் இதை எழுத்தில் போட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த சட்டம். பிற இடங்களுக்கும் விரிக்க வழி வைத்திருந்தார்கள். முன்பணம் வாங்கிய கைவினைஞனோ கூலியோ வேலையை விட்டால், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடி என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சட்டத்தின் பாஷையில் அது மோசடியான ஒப்பந்த மீறல். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்று அதில் ஒரு வரியும் இல்லை. பழைய வழக்கம் அப்படியே தலைகீழாகிவிட்டது. அன்று நெசவாளி முறிக்கலாம், வியாபாரி முறிக்க முடியாது.

இலங்கைத் தோட்டங்களில் இதற்கு 'துண்டு' என்று பெயர். கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் காகிதம். வேறு துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். ஆள் பஞ்சத்தில் துரைமார் ஒருவருக்கொருவர் போட்டியாக முன்பணத்தை ஏற்றினார்கள். கங்காணி அதிகம் தருபவனிடம் போனான். பார்வைக்கு நெசவாளியின் பழைய உரிமை மாதிரித் தோன்றும். ஆனால் இங்கே ஏறிய ஒவ்வொரு ரூபாயும் கூலியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. பேரம் பேசியவன் ஒருவன், கட்டுண்டவன் இன்னொருவன். துண்டு முறை 1921-ல் தடை செய்யப்பட்டது. 1859 சட்டத்தை 1925-ல் போட்ட சட்டம் ரத்து செய்தது. முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைக் கட்டிவைப்பது செல்லாது என்று கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் சொன்னது. அதன் பிறகும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து இருளர் குடும்பங்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சட்டம் போனது, பாஷை போகவில்லை. சம்பள உயர்வு முன்பணமல்ல. முன்பணம் இனி செய்யப்போகும் வேலைக்கு. உயர்ந்த சம்பளம் ஒவ்வொரு மாதமும் செய்து முடித்த வேலைக்கு. மூன்று மாதம் இருந்தவன் மூன்று மாதத்துக்கு வாங்கினான். அவன் கையில் யாருடைய பாக்கியும் இல்லை. இருந்தும் அவனைப் பார்த்து 'வாங்கிவிட்டுப் போனான்' என்று சொல்கிறவன், தான் அறியாமலே, 1859 மாஜிஸ்திரேட்டின் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறான். பெரும்பாலும் அவனும் ஒரு சம்பளக்காரன்தான் என்பது வேடிக்கை. போகிறவன் வாக்குக் கொடுத்திருந்தால் அது வேறு. அது இரண்டு மனிதர்களுக்கிடையே உள்ளது, அதன் கனம் அவரவருக்குத் தெரியும். ஆனால் மூன்று வருஷம் இருப்பேன் என்று எழுதிக் கேட்காத ஸ்தாபனம், எழுதாததை மனசாட்சியின் பேரில் வசூலிப்பது நியாயமில்லை.

எழுதி வாங்கிய ஸ்தாபனமும் உண்டு. விஜயா வங்கி 2007-ல் ஒரு அதிகாரியை மேற்பதவிக்கு எடுத்தபோது, மூன்று வருஷத்துக்குள் விட்டால் இரண்டு லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அவர் 2009-ல் வேறு வங்கிக்குப் போனார், ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டினார், வழக்குப் போட்டார். கர்நாடக உயர்நீதிமன்றம் அவர் பக்கம். 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்றது: போவதை அது தடுக்கவில்லை, போவதற்கு ஒரு விலை வைக்கிறது. பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போகலாம் என்பது ஏறக்குறைய 1725-ன் நெசவாளி செய்த காரியம். வங்கி முறித்திருந்தால் யார் யாருக்கு எவ்வளவு கட்டுவது என்ற கேள்வி அந்த வழக்கில் வரவில்லை.