நாயகாவின் நாற்பது ஏக்கர்

புனேயில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேராவது ஜெஜூரி கண்டோபா கோவிலுக்குப் போயிருப்போம். திவே காட் ஏறியதும் இருபுறமும் மொட்டைக் குன்றுகளாக வருமே, அதுதான் புரந்தர் தாலுகா. மழை மறைவுப் பிரதேசம். அங்கே நாயகாவ் என்று ஒரு கிராமம்.

1972 பஞ்சத்தின் போது, புனேயில் இன்ஜினியரிங் கம்பெனி நடத்தி வந்த விலாஸ்ராவ் சாளுங்கே இந்தப் பக்கம் வந்து பார்த்தார். நிவாரண வேலை என்று ஜனங்கள் கல் உடைத்துக் கொண்டிருந்தார்கள். உடைத்த கல் அடுத்த வருஷப் பஞ்சத்தைத் தீர்க்குமா என்ன? 1974ல் கோவில் டிரஸ்டின் 40 ஏக்கர் தரிசை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தார்.

மேல்மண் அரித்துப் போன சரிவு நிலம் அது. சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்புகள் போட்டார். வரப்பில் முட்டிய மழைநீர் வேகம் குறைந்து, சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கி விட்டு மண்ணுக்குள் இறங்கியது. மேட்டில் மரமும் புல்லும், பள்ளத்தில் கசிவுநீர்க் குட்டை, அதற்கும் கீழே கிணறு. அவ்வளவுதான் வித்தை! 10 குவிண்டால் தானியம் கூடத் தேறாத நிலம் 200 குவிண்டால் வரை கொடுத்தது.

ஆனால் பேங்க்காரனான என்னை இழுத்தது வரப்பு அல்ல, இதைப் பார்த்து மற்ற கிராமங்களில் உருவான 'பாணி பஞ்சாயத்து'தான் (மராத்தியில் பாணி என்றால் தண்ணீர்). செலவில் பாதி அரசு மானியம், 20 சதவீதம் விவசாயிகளின் கைப்பணம், மீதி 30 சதவீதம் சாளுங்கேயின் கிராம் கௌரவ் பிரதிஷ்டான் தந்த வட்டியில்லாக் கடன். எங்கள் கடன் விண்ணப்பத்தில் முதல் கேள்வியே எத்தனை ஏக்கர் என்பதுதான். அவரோ தலையை எண்ணினார். ஆளுக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. நிலமே இல்லாதவருக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு போகாது. நம்மூர் ஏரிப் பாசனத்தில் நீர்பாய்ச்சி எவ்வளவு நேர்மையாக மடை திறந்தாலும், நிலமில்லாதவனுக்கு ஏது முறை?

இன்னொரு விதி, கரும்பு கூடாது. ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்கள் இதே மாவட்டத்தின் நீரா பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 1880களில் அங்கே கால்வாய் வந்தது, பின்னாலேயே கரும்பு வந்தது. வடிகால் இல்லாமல் நிலத்தடி நீர் மேலேறி, கூடவே உப்பையும் கொண்டு வந்தது. 1910லேயே புனே விவசாயக் கல்லூரியின் ஹெரால்ட் மான், தம்ஹானேயுடன் சேர்ந்து அந்தக் களர் நிலங்களைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஒரே மாவட்டத்தில் ஒரு மண் தண்ணீர் நிற்காமல் கெட்டது, இன்னொன்று தண்ணீர் நின்று கெட்டது!

சாளுங்கே 2002ல் காலமானார். அவர் தொடங்கிய திட்டங்கள் எல்லாமே நிலைத்து விடவில்லை. தலைக்கு இவ்வளவு தண்ணீர் என்ற கணக்கை அரசும் தன் கால்வாய்களில் ஏற்கவில்லை. மகாராஷ்டிராவின் சாகுபடி நிலத்தில் சிறு பகுதியில்தான் கரும்பு விளைகிறது. பாசன நீரில் பாதிக்கு மேல் இன்னமும் அதற்குத்தான் போகிறது.