கேல் ஊரின் திறந்த வீடுகள்

மனநோய் முற்றியவர்களுக்கு மதில்சுவரே பாதுகாப்பு என்று ஐரோப்பா நம்பிய காலத்திலும், பெல்ஜியத்தின் கேல் ஊர் அவர்களைத் தன் வீடுகளில் வைத்துக்கொண்டது. புனித டிம்ப்னா ஆலயத்துக்குக் குணம் வேண்டி வந்தவர்களுக்கு அங்கே இடம் போதாமல் போக, ஊரார் இடமளித்ததில் தொடங்கிய வழக்கம் இது. 1930களின் இறுதியில் இப்படித் தங்கியவர்கள் சுமார் 3,700 பேர். வயல்வேலைக்கு மலிவாக ஆள் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. அந்த உழைப்பும் உதவித்தொகையும் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டன. ஆனால் கூலிக்கணக்கு மட்டுமே என்றால், பெற்றோருக்குப் பின் பிள்ளைகள் பொறுப்பேற்று, முதுமை வரை நோயாளிகளைக் காத்ததை எப்படி விளக்குவது? பரிவை மட்டும் நம்பியும் ஊர் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு மேற்பார்வை வந்தது, 1862இல் மருத்துவமனை எழுந்தது. வீட்டுக்குப் பின்னால் மருத்துவம் நின்றதால்தான் அந்தக் கதவுகள் இத்தனை காலம் திறந்திருந்தன.