மடை திறக்கும் வரை

பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமையை நனைத்துவிட்டு வரும் தாமிரபரணி, கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். மீன்பிடிப்பும் முத்துக்குளிப்புமாக வாழ்ந்த ஊர். இதன் பெயரைத் தமிழ் அச்சுக் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர் எவரும் விட்டுவிட முடியாது.

போர்ச்சுக்கல் தேசத்தில் 1520-ல் பிறந்த அண்டிரிக் அடிகளார் 1546-ல் இந்தியாவுக்கு வந்தார். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்து, பரதவ மக்களிடையே இருந்து தமிழ் கற்றார், இலக்கணமும் எழுதினார், 1600-ல் காலமானார். அவர் எழுதி வைத்தவை அச்சாக வேண்டுமானால் தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்த்தாக வேண்டும். 1577-ல் கோவாவில் ஒரு முறையும், 1578-ல் கொல்லத்தில் மறு முறையும் எழுத்து வார்த்தார்கள். அந்த இரண்டாம் முயற்சிக்குப் பின் கொல்லத்தில் 1578 அக்டோபர் 20-ம் தேதி 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கங்கள்! இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. பிறகு 1586-ல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு'. இது புன்னக்காயலிலேயே அச்சாயிற்று என்பது அறிஞர் பலருடைய கருத்து.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஆண்டுகளை விட்டுவிட்டு, அவற்றின் இடைவெளியில் போய் நிற்கும். எழுதுகிறவருடைய கை ஒரு நாளில் பத்துப் பக்கம் எழுதிவிடும். அச்சுக்கூடத்தில் சில பக்கங்களைக் கோத்து, அடித்து, எழுத்துகளைப் பிரித்து அறைகளில் திரும்பப் போட்ட பிறகுதான் அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும். கைவசமுள்ள ஈய எழுத்து அவ்வளவுதான். அதுவரை கைப்பிரதி எங்கோ காத்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும்.

இதே சங்கடம் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு கம்ப்யூட்டர் என்ற யந்திரத்துக்கும் வந்தது என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் உண்மை அதுதான்.

1960-களில் வந்த பெரிய கணக்கிடும் யந்திரங்கள் விநாடிக்கு லட்சக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றின. ஆனால் விடையைக் காகிதத்தில் அடித்துத் தர வேண்டிய அச்சு யந்திரமோ, ஐ.பி.எம். நிறுவனத்தின் புகழ் பெற்ற 1403 வகையானாலும், நிமிஷத்துக்குச் சுமார் அறுநூறு வரிகள்தான் அடிக்கும். அட்டையில் துளையிட்டு விடை தரும் பஞ்சு யந்திரம் நிமிஷத்துக்கு முந்நூறு அட்டைகள். பக்கத்துக்கு அறுபது வரி வீதம் அறுபது பக்க அறிக்கை அடித்து முடிய ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷமும் மூளை சும்மா உட்கார்ந்திருந்தால்? யானையை வாங்கி முளையில் கட்டிப் போட்டுத் தீனி போடுகிற கதைதான்.

இதற்குக் கண்ட வழியின் பெயர் 'ஸ்பூலிங்'. ஸ்பூல் என்றால் நூல் சுற்றும் கட்டை. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க நூலை விடக் குளம் நல்ல உவமை. ஆற்றில் வெள்ளம் வேகமாக வருகிறது. வயல் மெதுவாகத்தான் குடிக்கும். நடுவே குளம் வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர்கள். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வாய்க்கால் வழியே வருகிற நீரைக் கடம்பாக்குளம் வாங்கி வைத்துக்கொள்கிறது. மடை திறக்கத் திறக்க வயலுக்குப் போகிறது. யந்திரத்திலும் அப்படித்தான். விடை நேராக அச்சுக்குப் போவதில்லை. காந்தத் தட்டில் போய்த் தேங்குகிறது. மூளை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. வேறொரு நிரல் ஓய்வாக அந்தத் தேக்கத்திலிருந்து எடுத்து அச்சுக்கும் பஞ்சுக்கும் அனுப்புகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து விண்வெளி நிலையத்தில் 1960-களில் உருவான 'ஹாஸ்ப்' என்ற நிரல் இதில் பேர் வாங்கியது.

குளம் இருந்தால் மடை திறப்பவர் ஒருவரும் வேண்டுமல்லவா? யந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்தான் அவர். எந்த வேலை முன்னால், எது பின்னால் என்று தீர்மானிப்பதும், சம்பளப் பட்டியலுக்கான தனிக் காகிதம் மாட்டும் வரை அந்த வேலையை நிறுத்தி வைப்பதும், காகிதம் கிழிந்தால் சில பக்கங்கள் பின்னே போய்த் திரும்ப அடிக்கச் சொல்வதும் அவர் பொறுப்பு. அச்சுக்கு ஒரு வரிசை, பஞ்சுக்கு ஒரு வரிசை என்று எழுத்துக் குறியிட்டுப் பிரித்திருப்பார்கள். தேக்கம் நிரம்பிவிட்டால் புது வேலை நடவாது, வடித்தாக வேண்டும். 'நிறுத்தி வை' என்றும் ஒரு கட்டளை உண்டு, 'அழித்துவிடு' என்றும் ஒரு கட்டளை உண்டு. இரண்டாவதைத் தவறான வேலையின் மேல் ஏவிவிட்டால், யாரோ ஒருவர் ராப்பகலாகக் கண் விழித்துச் செய்த வேலையின் விடை காகிதத்தையே காணாமல் மறைந்துபோகும். மடை திறப்பவர் கையில் மண்வெட்டிதான் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு நாள் கண்ணயர்ந்தால் கடைமடைக்காரனுடைய பயிர் போய்விடும்.

நம் நாட்டிலும் இந்தக் காலம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய யந்திரம் நிறுவப்பட்டது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, பின்பு வந்து விடைக் காகிதத்தை வாங்கிப் போவது அந்த நாளைய வழக்கம். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. 1972-ல் ஐ.பி.எம். வெளியிட்ட 'வி.எம்.' என்ற ஏற்பாட்டில், ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஓர் யந்திரம் இருப்பது போன்ற தோற்றம் கிடைத்தது. அதில் கற்பனையான அச்சு யந்திரம், கற்பனையான பஞ்சு யந்திரம், கற்பனையான அட்டை வாசிப்பான் எல்லாம் உண்டு. என்னுடைய பஞ்சு யந்திரத்தை உங்கள் அட்டை வாசிப்பானுக்குத் திருப்பிவிட்டால், நான் துளையிடுவதெல்லாம் உங்களிடம் வந்து சேரும். அட்டையும் கிடையாது, துளையும் கிடையாது. செய்தி மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும்! அட்டைகள் மறைந்த பிறகும் அந்தக் கற்பனைப் பஞ்சு யந்திரம் இன்றைய பெரிய யந்திரங்களில் பெயரளவில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. நம் வீடுகளில் அம்மியை எடுத்த பிறகும் 'அரைத்த குழம்பு' என்று சொல்வதில்லையா, அதுபோல.

இனிப் புன்னக்காயலுக்குத் திரும்புகிறேன். 1586-க்குப் பிறகு இந்தக் கரையில் அச்சுக்கூடம் நிலைக்கவில்லை. கேரளத்து அம்பலக்காட்டில் 1679-ல் புரோயென்சா பாதிரியாரின் அகராதி அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்து அச்சுக்கூடம் 1710-களில்தான் தொடங்கியது. இடையில் வரிசை அறுந்துபோயிற்று. 'அடியார் வரலாறு' நம் கையை விட்டு நழுவியது. அதன் பிரதி ஒன்று ரோமாபுரியில், வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதைக் கொண்டு இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து, 1967-ல் தூத்துக்குடியில் மறுபடி வெளிவந்தது. புன்னக்காயலிலிருந்து கூப்பிடு தூரந்தான். வந்து சேர முந்நூற்று எண்பத்தோரு ஆண்டுகள்!

யந்திரம் படைத்தவர்களுக்கு வேகத்தைப் பற்றித்தான் பெருமை. எனக்கோ அந்த 'நிறுத்தி வை' என்ற கட்டளையின் மேல்தான் மரியாதை. தான் எழுதாத ஒன்றை, தான் படிக்கப் போகாத ஒன்றை, யாரோ வந்து கேட்பார்கள் என்று நம்பி ஒருவர் வைத்திருக்கிறார். வத்திக்கானில் புத்தகத்தைத் தூசி தட்டி வைத்த நூலகரின் பெயரோ, இரவு வேளையில் தேக்கத்தைக் காத்த ஆபரேட்டரின் பெயரோ எந்த அட்டையிலும் அச்சாவதில்லை. எழுதுகிறவர்களாகிய நாங்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.