பேக்கரின் 21 இறாத்தல் துவக்கு

எங்கள் அம்மானிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. அறுபதுகளில் வன்னியில் வயல்காவலுக்குப் போகிறவர்கள் கையில் அது சாதாரணமாக இருக்கும். குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயத்தைப் போட்டு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் தும்பு வைத்து மறுபடி இடிப்பார். கேப்பு வைப்பது கடைசியில்தான். ஒரு மாரி இரவு பன்றிக்கு வைத்த வெடி பிடிக்கவில்லை. மருந்து ஈரம். "பன்றி எண்டபடியா வீட்ட வந்து சேர்ந்தன். யானை எண்டா இண்டைக்கு நான் இல்லை" என்று அம்மான் திண்ணையில் இருந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

பிறகு உத்தியோகம் பார்க்க நுவரெலியாவுக்குப் போனேன். மழைக்காலத்தில் அங்கே வாசிப்பைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. அப்போதுதான் சாமுவேல் பேக்கரின் இலங்கை வேட்டைப் புத்தகம் கைக்கு வந்தது. நைல் நதிப் பயணத்தால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அதே பேக்கர்தான். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1845இல் முதன்முறை இலங்கைக்கு வந்தவர், 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்து, 1855 வரை அங்கே இருந்தார்.

அந்தக் காலத்தில் பெரிய துரைமாரின் துவக்குகளும் அம்மானுடையதைப் போல வாயால் மருந்து போடுகிறவைதான். வேலைப்பாடும் விலையும்தான் வேறு. ஆகவே எந்தத் துவக்கைத் தெரிவு செய்வது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. சுட்டது தவறினால் அடுத்த வெடிக்கு மருந்து இடித்துக் கொண்டிருக்க யானை விடாது.

பேக்கர் வந்தபோது இங்கே நூற்றுக்கணக்கில் யானை சுட்டவர்கள் இருந்தார்கள். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தக் கால வேட்டைக்காரர்கள் விரும்பியது, குழலின் உட்புறம் வழுவழுப்பான 16ஆம் இலக்கத் துவக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தில் 16 குண்டு வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ, அதுதான் 16ஆம் இலக்கம். குண்டு இலகுவாக உள்ளே இறங்கும். யானை பத்தடிக்குக் கிட்ட வரும்வரை நின்று நெற்றியில் சுடுவதற்கு அது போதும்.

பேக்கரின் எண்ணம் வேறு. இங்கே வருவதற்கு ஐந்து வருடம் முன்னரே, 1840இல், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற துவக்குத் தொழிலாளியிடம் ஒரு ரைபிள் செய்யக் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 19. நிறை 21 இறாத்தல், குழல் 36 அங்குலம். உள்ளே இரண்டு தவாளிப்புகள் சுற்றிச் செல்லும். அவற்றில் பொருந்துவதற்காக 3 அவுன்ஸ் உருண்டைக் குண்டுக்கு ஒரு பட்டி வைத்து வார்த்திருந்தார்கள். கூம்புக் குண்டு என்றால் 4 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். 1857 சிப்பாய்க் கலகத்தில் பேசப்பட்ட என்பீல்டு துவக்கின் அளவு இரண்டரை டிராம்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து கூடினால்தான் குண்டுக்கு வேகம், வேகம் இருந்தால்தான் பலம் என்பது அவர் கணக்கு. நிறை கூடினால் தோளில் விழும் உதையும் குறையும்.

ஆனால் ஒற்றைக் குழல், ஒரே வெடி. அதனால் இலங்கைக் காட்டுக்கு எது உகந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னது வேறு: 10 முதல் 12ஆம் இலக்கம் வரையிலான நாலு இரட்டைக்குழல் ரைபிள், நாலும் ஒரே அளவு. பதற்றத்தில் ஒன்றின் குண்டை மற்றதில் போட்டு இடித்துவிடக் கூடாது அல்லவா? நாலு துவக்கு என்றால் எட்டு வெடி. அவற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்க ஆள் வேண்டும். யானை பாயும்போது அடுத்த துவக்கை நீட்டுகிற அந்த ஆள் ஓடிவிட்டால் துரையின் கதை முடிந்தது. புத்தகம் முழுக்கத் துரையின் பேர். துவக்குத் தூக்கியவர்களின் பேரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மின்னேரியாக் குளக்கரையில் ஒருமுறை குண்டு முடிந்துபோக, காட்டெருமை ஒன்று எதிரே நிற்கிறது. மருந்தை இரட்டிப்பாகக் கொட்டி, மடியிலிருந்த சில்லறைக் காசுகளைத் துணியில் சுற்றி இடித்து, கிட்ட வந்ததும் சுட்டாராம். எருமை விழுந்தது. அது மறுபடி எழும்புவதற்குள் இவர்கள் தப்பிவிட்டார்கள். வாயால் போடும் துவக்குக்குத்தான் காசும் குண்டாகும்!

இதை வாசித்து நான் சிரித்ததுண்டு. அதே காலத்துக் கணக்குகளை எமர்சன் டென்னன்ட் எழுதியதில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. தலைக்குச் சில ஷில்லிங் என்று அரசாங்கம் சன்மானம் கொடுத்ததில், 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் துரைமார் அல்ல, ஊர்ச்சனம். எங்கள் பாட்டன் பூட்டன்மாராகவும் இருக்கலாம். அவர்களிடம் 21 இறாத்தல் ரைபிள் இருந்திருக்காது.

போன வருடம் பேரனைக் கூட்டிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். மரைகள் பயமில்லாமல் கிட்ட வந்து நின்றன. முழங்கால் நோவோடு நீர்வீழ்ச்சி வரை இறங்கினேன். "தாத்தா, இங்க யானை வருமா?" என்று கேட்டான். முந்தி இருந்தது, இப்ப இல்லை என்றேன். "ஏன்?" என்றான்.

பலகையில் இருந்த பேக்கரின் பேரைக் காட்டினேன். பிறகு அம்மானின் துவக்கைப் பற்றியும் சொன்னேன்.